ஒழுகும் கார்ப்பரேட்டரும் இட்லிப் பானையும்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன குறுவை அறுப்புச் சமயம் அப்படித்தான் நின்றேன். நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அப்பா 1990களில் வாங்கிய புல்லட்டை அணைத்து, ஸைடு ஸ்டாண்டில் சாய்த்திருந்தேன். பக்கத்தில் எக்ஸ்எல்லில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "தம்பி, ஒங்க வண்டிலேர்ந்து பெட்ரோலு சொட்டுது பாருங்க" என்றார்.

குனிந்து பார்த்தேன். கார்ப்பரேட்டருக்கு அடியில் தொங்கும் மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது, வெயிலில் காய்ந்த தாரில் கண்ணெதிரே மறைந்தது. அடுத்த சொட்டு. பின்னால் ஒருவர் பீடி பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்திருந்தார். அவரைக் கையமர்த்திவிட்டுப் பெட்ரோல் டேப்பை மூடினேன். பத்துப் பதினைந்து சொட்டோடு ஒழுக்கு நின்றது. டேப்பை மூடியதும் அது சீக்கிரமே நின்றதுதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு.

ஏன் என்று புரிய, சமையற்கட்டுக்குள் போக வேண்டும். இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர், மேலே தட்டு. தண்ணீர் கூடினால் கொதித்து எழும்பி அடித்தட்டு இட்லி சொதசொதவென்று ஆகிவிடும். குறைந்தால் பானை அடிப்பிடிக்கும். அதனால்தான் பாட்டிகள் பானைக்குள் ஒரு காசைப் போட்டு வைப்பார்கள். கொதிக்கிறவரை காசு கடகடக்கும். சத்தம் அடங்கினால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். இட்லிப் பானையில் காரியம் எல்லாம் தண்ணீர் மட்டத்தில்தான் இருக்கிறது.

கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணமும் இப்படி ஒரு பானைதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று கார்ப்பரேட்டரின் குறுகிய கழுத்தில் வேகமாகப் பாய்வதால் அங்கே அழுத்தம் குறைகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் என்னும் நுண்துளை வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. டம்ளரில் ஸ்ட்ரா போட்டு மோர் உறிஞ்சுவதுபோலத்தான். டம்ளர் தளும்பத் தளும்ப இருந்தால் லேசாக உறிஞ்சினாலே வாய் நிறைந்துவிடும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் கூடினாலும் அதே கதி: இன்ஜினுக்கு அளவு மீறிப் பெட்ரோல் போகும், பிளக் கரியாகும், கறுப்புப் புகை வரும், மைலேஜ் விழும். சொட்டுவதற்குப் பல நாள் முன்பே வண்டி இவற்றைச் சொல்லிவிடும்.

மட்டத்தைக் காப்பது யார்? பழைய புல்லட்டில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்ப்பரேட்டர் கீழே. தன் எடையிலேயே இறங்குகிறது. கிண்ணத்துக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறும். அதன் நடுவில் இருக்கும் சின்ன நாக்கு ஓர் ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் துளையை அடைக்கும். மாடித் தண்ணீர்த்தொட்டியின் பந்து வால்வும் இப்படித்தான். டேங்கில் எத்தனை லிட்டர் இருந்தாலும் அதைத் தடுத்து நிற்பது அந்த ஊசியின் கூர் முனை ஒன்றுதான். இதை முதன்முதலில் கழற்றிப் பார்த்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது.

ஊசி சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் மட்டம் ஏறி, கிண்ணத்துக்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் விளிம்பைத் தாண்டி வெளியே சொட்டும். அந்தக் குழாய் நமக்குக் காவல். அது அடைபட்டிருந்தால் மிஞ்சிய பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலைக் கெடுத்துவிடும். ஆயில் அளவு தானாகக் கூடியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயிலை மாற்றாமல் கிக்கர் மேல் காலை வைக்காதீர்கள்.

ஒழுகினால் முதலில் எங்கே ஈரம் என்று பாருங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு டேப்பைத் திறந்து ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும். கிண்ணமும் உடலும் சேரும் இடத்தில் கசிந்தால் கேஸ்கெட். குக்கர் கேஸ்கெட் விறைத்துப்போனால் பக்கவாட்டில் ஆவி வருமே, அதே நோய். ஆனால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பெட்ரோல் மட்டம் அந்த இணைப்பை எட்டாமல் நிற்க வேண்டியது. அங்கே ஈரம் கண்டால் மட்டமே ஏறியிருக்கலாம். ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டினால் குற்றவாளி ஊசி, மிதவை, அல்லது அந்தக் குழாயின் அடியில் விழுந்த மயிரிழை விரிசல். விரிசலைக் கண்டுபிடிக்க, கிண்ணத்தைத் தனியே கழற்றிப் பாதி பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள். குழாய் விளிம்புக்குக் கீழே மட்டம் இருந்தும் சொட்டினால் விரிசல்தான். என் வண்டியில் டேப்பை மூடியதும் சொட்டு நின்றதால் விரிசல் இல்லை என்று ஊகித்தேன்.

ஊசியை நகத்தால் வருடிப் பாருங்கள். கூம்பைச் சுற்றி வளையமாக ஒரு தேய்மானம் தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியதுதான். மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது ஓட்டை. மூழ்கிய மிதவை எதையும் தள்ளாது. இரண்டும் நன்றாக இருந்தால் கார்ப்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் முனையில் சுத்தமான சிறு குழாயை மாட்டி ஊதுங்கள். மிதவையின் எடையில் ஊசி அடைத்துக்கொள்வதால் காற்று போகக் கூடாது. ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. மட்டம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் நாக்கை ஊசிப் பக்கமாக மிக மெல்ல வளைத்தால் போதும். துளை முன்கூட்டியே அடைபடும்.

என் வண்டியில் இவை எதுவுமே கெடவில்லை. ஊசிக்கும் அது உட்காரும் துளைக்கும் நடுவே ஒரு துகள் துரு, எள்ளில் பாதிகூட இராது. ஒரு பருக்கை சிக்கினால் குக்கர் வெயிட் சரியாக உட்காராமல் ஆவி போய்க்கொண்டே இருக்கும். கரண்டிக் காம்பால் தட்டினால் சில சமயம் விலகும். மெக்கானிக்குகள் ஸ்க்ரூடிரைவர் பிடியால் கிண்ணத்தைத் தட்டுவது இதற்காகத்தான். வீடு போய்ச் சேர அது உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். எங்கள் பக்கத்து மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஷட்டர் அடியில் ஒரு கட்டை சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

துரு வந்தது டேங்கிலிருந்து. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கார்ப்பரேட்டர் சர்வீஸ் செய்வார்கள், ரிப்பேர் கிட் போடுவார்கள், பதினைந்தே நாளில் மறுபடி ஒழுகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டியைப் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்திவிட்டால், காலியான மேல்பாதியில் ஈரம் படிந்து துருப்பிடிக்கும். 2022லேயே பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் வந்துவிட்டது. இப்போது 20 விழுக்காடு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் பதம் பார்க்கும். டேங்கைக் கழுவித் துருவை வெளியேற்றி, குழாயில் ஃபில்டர் ஒன்று மாட்டிய பிறகே கிண்ணத்தை மூடுங்கள். பாலை வடிகட்டாமல் டம்ளரை மட்டும் தேய்த்து என்ன பயன்?

கழற்றும் வேலையை வாசலில், காற்றோட்டமாக, இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். உவமைக்குத்தான் சமையற்கட்டு; கார்ப்பரேட்டரை அடுப்பு இருக்கும் பக்கம் கொண்டு போகவே கூடாது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு புதிய புல்லட்டுகளில் கார்ப்பரேட்டரே இல்லை. பட்டறைக்கு வேலை பழக வரும் பையன்களில் நாக்கை வளைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கையால் பழகிக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வேலை முடிந்த அன்று இரவு, டேப்பைத் திறந்துவைத்து வண்டிக்கு அடியில் பழைய நாளிதழ் ஒன்றை விரித்தேன். அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தாள் காய்ந்தே கிடந்தது. டேப்பை மூடிவிட்டுப் படுக்கப் போனேன். இப்போதெல்லாம் கேட் மூடியதும் சாவியைத் திருப்பிய கை அப்படியே டேப்புக்கும் போகிறது.