முதுகில் போட்ட ஊசி

"முதுகுல ஊசி போட்டாங்க, அன்னையிலிருந்து இடுப்பு போச்சு." பெங்களூரு அல்சூரிலோ சிவாஜிநகரிலோ பிள்ளை பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் ஒருவராவது இதைச் சொல்வார். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும்; பழி மட்டும் இன்னும் ஊசியின் மேல்தான்.

முதலில், எந்த ஊசி? நாள் குறித்துச் செய்யும் சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுவது ஸ்பைனல். மெல்லிய ஊசி, ஒரே தடவை மருந்து, சில நிமிடங்களில் கீழ் உடம்பு மரத்துவிடும். எபிடூரல் பிரசவ வலியைத் தணிக்க. அதன் ஊசி தடிமன். தண்டுவட உறைக்கு வெளியே சன்னமான குழாய் ஒன்றை வைத்து, மணிக்கணக்கில் மருந்து கொடுப்பார்கள்.

குத்திய இடம் சில நாள் நோகும். அது ஊசியின் வேலைதான். மாதக்கணக்கில் நிற்கும் வலி?

1990ல் வெளியான பர்மிங்காம் ஆய்வு 11,000க்கும் மேற்பட்ட தாய்மாரை விசாரித்தது. நீடித்த முதுகுவலி, எபிடூரல் போட்டவர்களில் 100க்கு 19 பேருக்கு. போடாதவர்களில் 10, 11 பேருக்கு. ஊசி மாட்டிக்கொண்டது. ஆனால் எபிடூரல் கேட்டவர்கள் பலருக்குப் பிரசவமே கடினமாக இருந்திருக்கலாமே? அதனால் இங்கிலாந்திலேயே 369 பேரை, சீட்டுக் குலுக்குவதுபோல எபிடூரலுக்கு ஒன்று, எபிடூரல் அல்லாததற்கு ஒன்று என இரண்டு பிரிவாக்கி, சராசரியாக இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். 2002ல் வந்த முடிவு: இரு பிரிவுக்கும் முதுகுவலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அப்படியானால் வலி எங்கிருந்து? கர்ப்பத்தில் இடுப்பெலும்பைக் கட்டி நிறுத்தும் நார்கள் தளர்கின்றன; வயிற்றுத் தசை விலகுகிறது. அந்தப் பச்சை உடம்போடு கூன் போட்டுப் பால் கொடுப்பதும், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போவதும். இவற்றைச் சொல்வதைவிட ஊசியைக் குற்றம் சொல்வது சுலபம். இந்த வலிக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி உதவும்.

ஊசியால் வரும் சிக்கல்களும் உண்டு, அபூர்வமாக. உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் அடங்கும் தலைவலி முதல் சில நாளில் வந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். தண்டுவட நீர் கசிந்திருக்கலாம். காய்ச்சலோடு ஏறும் முதுகுவலி, கால் பலமிழப்பது, உட்காரும் இடம் மரப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது அல்லது வராமலே நிற்பது: இவற்றுக்கு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே சீழோ ரத்தக்கட்டியோ நரம்பை அழுத்தலாம், அன்றைக்கே எம்.ஆர்.ஐ. வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப் போங்கள். மயக்க மருந்து என்ற இடத்தில் எஸ்.ஏ. என்றிருந்தால் ஸ்பைனல். எபிடூரல் என்று இத்தனை நாள் சொல்லிவந்த பலருக்கு அது போடப்பட்டதே இல்லை.