இலக்க மணிக்கூடும் எண்கோலப் புதிர்களும்

6, 2, 5, 5, 4, 5, 6 என்னும் எண்தொடரை எடுத்துக்கொள்வோம். இதன் அடுத்த உறுப்பு யாது? கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி, வித்தியாசங்களின் வித்தியாசம் என்று பாடசாலையில் நாம் பயின்ற வழிகள் யாவற்றையும் கையாண்டு பார்ப்பவர் இதில் ஓர் ஒழுங்கையும் காணமாட்டார். கணிதத்தில் அத்துணைப் பயிற்சியில்லாத ஒருவரோ, இலக்க மணிக்கூட்டின் முகப்பைச் சிறிதுநேரம் உற்றுநோக்கிவிட்டு விடையைக் கூறிவிடுதல் கூடும். அம்முகப்பில் 0 என்னும் இலக்கத்தை எழுத ஆறு ஒளிக்கோடுகள் வேண்டும். 1 இற்கு இரண்டு. 2 இற்கும் 3 இற்கும் ஐவைந்து. 4 இற்கு நான்கு. 5 இற்கு ஐந்து. 6 இற்கு ஆறு. 7 இற்கு மூன்று கோடுகள் போதுமாகையால் விடை 3 ஆகும்.

இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாமா? எண்தொடர் வினாக்கள் நமது நாட்டிலும் பிறநாடுகளிலும் போட்டிப் பரீட்சைகளில் நுண்ணறிவை அளக்கும் கருவியாகக் கையாளப்படுகின்றன. ஒருவரது கல்வியும் தொழிலும் சிலவேளைகளில் அவற்றைப் பொறுத்தமைகின்றன. ஆதலின் இத்தொடர்களில் காணப்படும் ஒழுங்கு எங்கிருந்து வருகின்றது என்பது ஆராயத்தக்கதொரு வினாவாகும்.

இலக்கங்களை நேர்கோட்டுத் துண்டுகளால் ஆக்கும் எண்ணம் இலத்திரனியலுக்கு முற்பட்டது. 1908 இல் அமெரிக்கரான ஃபிராங்க் வூட் ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்த ஒளிமுகப்பில் எட்டுக் கோடுகள் இருந்தன. எட்டாவது கோடு 4 ஐச் சாய்வாக வரைவதற்கெனச் சேர்க்கப்பட்டது. பின்னர் அது தேவையற்றதாகி ஏழு கோடுகளே நிலைத்தன. ஏழு கோடுகளை ஏற்றியும் அணைத்தும் 128 வடிவங்களைப் பெறலாம். பத்து இலக்கங்களுக்குப் பத்து வடிவங்கள் போதும். 1972 இல் விற்பனைக்கு வந்த பல்சர் கைக்கடிகாரத்தில் இவ்விலக்கங்கள் செந்நிறத்தில் ஒளிர்ந்தன. அதன் விலை 2,100 டொலர். மின்கலத்தின் வலு விரைவில் தீர்ந்துவிடுமாகையால் பொத்தானை அழுத்தினால் மாத்திரமே நேரம் தெரியும்!

மணிக்கூட்டு முகப்பில் உண்மையில் மூன்று படிநிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. நள்ளிரவு தொடக்கம் கழிந்த நிமிடங்களின் எண்ணிக்கை ஒன்று. அதனை மணியாகவும் நிமிடமாகவும் பகுத்துப் பத்தடிமான இலக்கங்களால் எழுதும் முறை மற்றொன்று. அவ்விலக்கங்களின் உருவம் மூன்றாவது. புதிர்கள் யாவும் இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளும் நமது பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

எழுதும் முறை சார்ந்த கோலத்திற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே வாசிக்கப்படும் நேரங்களாகும். இவ்வமைப்பைச் செய்யுளில் நம்முன்னோர் மாலைமாற்று என்றனர். சம்பந்தர் தேவாரத்தில் ஒரு பதிகமே அவ்வாறு அமைந்துள்ளது. 00:00 முதல் 23:59 வரை காட்டும் முகப்பில் நாளொன்றுக்கு 16 மாலைமாற்று நேரங்கள் உள. 00:00, 01:10, 02:20 என்று 05:50 வரை 70 நிமிடத்திற்கு ஒன்றாக அவை வருகின்றன. மணி ஒன்றினால் கூட 60 நிமிடம். அதே இலக்கம் நிமிடத்தின் பத்தாமிடத்திலும் ஒன்றினால் கூட மேலும் 10 நிமிடம். ஆயின் 05:50 இன் பின்னர் திடீரென 251 நிமிடங்களுக்கு எதுவும் இல்லை. அடுத்தது 10:01. காரணம், 06 ஐப் புரட்டினால் 60 வரும். அறுபதாவது நிமிடம் என ஒன்று முகப்பில் இல்லை. 15:51 இன் பின்னரும் அதே 251 நிமிட இடைவெளி. 23:32 இற்கும் நள்ளிரவுக்கும் இடையே 28 நிமிடம். எஞ்சிய 13 இடைவெளிகளும் 70 நிமிடங்களே. இவற்றைக் கூட்டினால் ஒரு நாளுக்குரிய 1,440 நிமிடங்கள் கிடைக்கும். பாபிலோனியரிடமிருந்து வந்த அறுபதடிமானமும் இந்தியாவிலிருந்து பரவிய பத்தடிமானமும் ஒரே முகப்பில் மோதுவதனாலேயே அவ்விடைவெளிகள் தோன்றுகின்றன எனலாம்.

இக்கோலம் நேரத்திற்கு உரியதன்று, எழுத்திற்கே உரியது என்பதைப் பழைய தமிழ் எண்குறிகளைக் கொண்டு எளிதிற் காட்டலாம். அம்முறையில் பத்துக்குத் தனிக்குறி உண்டு. பதினொன்று ௰௧ என எழுதப்படும். எனவே பதினொரு மணி பதினொரு நிமிடம் ௰௧:௰௧ ஆகும், அது மாலைமாற்றன்று. இருபத்திரண்டோ ௨௰௨, தனித்து நின்றும் அது மாலைமாற்றே. அதே கணம், அதே எண். கோலம் மாத்திரம் மாறிவிட்டது.

உருவம் சார்ந்த கோலங்கள் இதனினும் வியப்பானவை. மணிக்கூட்டைக் கண்ணாடிக்கு எதிரே வைத்தால் 0, 1, 8 ஆகியன மாறுவதில்லை. 2 ஐந்தாகவும் 5 இரண்டாகவும் தோன்றும். கையெழுத்திலோ அச்சிலோ இவ்வாறு நிகழாது. ஏழுகோட்டு வடிவத்திற்கே இது உரியது. இதனால் 12:51 கண்ணாடியிலும் 12:51 ஆகவே தோன்றும். இத்தகைய நேரங்கள் நாளொன்றுக்கு 11 உள. மாலைமாற்றாகிய 12:21 கண்ணாடியில் 15:51 ஆகிவிடுகின்றது.

இனி, முதலிற் கூறிய தொடருக்கு மீள்வோம். விடை 3 என்றோம். ஆயின் சில கணிப்பான்களில் 7 இன் இடப்பக்க மேற்கோடும் ஒளிரும்; அவற்றை நோக்கியவருக்கு விடை 4. வேறு சிலவற்றில் 6 இற்கு மேற்கோடு இல்லை. அவர்களுக்கு வினாவே பிழையாகத் தோன்றும். நீல் சுலோன் 1964 இல் தொகுக்கத் தொடங்கிய முழுவெண் தொடர்களின் பெருந்தொகுப்பில் இவ்வொரு தொடரின் வேறுபாடுகள் குறைந்தது ஐந்து தனித்தனியே பதிவாகியுள்ளன. இது மணிக்கூட்டுப் புதிருக்கு மாத்திரம் நேர்ந்த குறையுமன்று. லக்ராஞ்சின் பெயரால் வழங்கும் இடைச்செருகல் சூத்திரத்தின்படி, தரப்பட்ட ஏழு உறுப்புகளின் பின் நாம் விரும்பிய எந்த எண்ணையும் எட்டாவதாக வைத்து, எட்டுக்கும் பொருந்தும் ஒரு பல்லுறுப்பியை ஆக்கிவிடலாம். 1, 2, 4, 8, 16 இன் பின் 32 என்போர் பலர். வட்டத்தின் மேலுள்ள புள்ளிகளை நாண்களால் இணைக்க வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரியக்கூடும் என்று எண்ணுபவருக்கு அடுத்தது 31. விடையைத் தீர்மானிப்பது தொடரன்று. வினா ஆக்கியோனும் விடையளிப்போனும் பொதுவாகக் கொண்டிருக்கும் அனுபவமேயாகும்.

அந்த அனுபவம் பொதுவாக இல்லாதபோது நிகழ்வது யாது? 1917 இல் அமெரிக்கப் படைக்கென யேர்க்ஸ் தலைமையில் உளவியலாளர் வகுத்த அல்பாத் தேர்வின் ஆறாம் பகுதி எண்தொடர்களை நிறைவு செய்வதாகும். எழுத்தறியாதோருக்குரிய பீற்றாத் தேர்விலோ, படங்களில் விடுபட்ட உறுப்பை வரையவேண்டும்: வலையில்லாத ரென்னிஸ் ஆடுகளம், குழலில்லாத இசைத்தட்டுப் பெட்டி. அவற்றை முன்பின் கண்டிராத குடியேறிகள் மந்தபுத்தியுடையோராகக் கணிக்கப்பட்டனர். இத்தேர்வுகளின் புள்ளிகளைக் கொண்டே கார்ல் பிரிகம் 1923 இல் இனங்களைத் தரப்படுத்தி நூலொன்று எழுதினார். 1930 இல் அவரே அம்முடிவுகள் அடிப்படையற்றவை என ஒப்புக்கொண்டார். தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வருகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய குடிவரவுச் சட்டம் நிறைவேறி அப்பொழுது ஆறாண்டுகள் கழிந்திருந்தன. அச்சட்டத்தில் இத்தேர்வுகளின் செல்வாக்கு எத்துணை என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தேர்வுகள் எதை அளந்தன என்பதில் இன்று அவ்வளவு ஐயம் இல்லை.

இதற்காகப் புதிர்களைக் கைவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. “அடுத்து யாது?” என்று கேட்டு ஒற்றை எண்ணை எதிர்பார்க்கும் வினாவுக்கும், நிபந்தனைகளை முழுமையாகத் தந்து காரணத்தைக் கேட்கும் வினாவுக்கும் உள்ள வேறுபாட்டையே சுட்டுகின்றோம். முன்னையதில் ஏழுகோட்டு முகப்பைக் கண்டிராத மாணவனுக்கு வழியே இல்லை. மாலைமாற்று நேரங்களை எண்ணும் வினாவோ இரண்டாம் வகையைச் சார்ந்தது. 1:00 முதல் 12:59 வரை, முன்பூச்சியமின்றி நேரத்தைக் காட்டும் முகப்பில் அவை 57 ஆகும். இதனைச் சரிபார்க்க மணிக்கூடு வேண்டியதில்லை. தாளும் பென்சிலும் போதும்.