உஷார்! 'நைட் டியூட்டி, அதான்' என்ற பதிலை நம்பாதீர்கள்

பெங்களூரின் நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், விவேக்நகர் பக்கம் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர் இருக்கிறாரா? நர்ஸ், ஆயாம்மா, வார்டு பாய், ஆம்புலன்ஸ் டிரைவர், ஆஷா ஊழியர் என யாராக இருந்தாலும் சரி. கொஞ்ச நாளாக அவர் தூங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால், 'வேலை அப்படி' என்று விட்டுவிடாதீர்கள். அது பி.டி.எஸ்.டி.யாக இருக்கலாம். பெரிய அதிர்ச்சி ஒன்றைக் கண்ட மனம் அதிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் நோய் அது. நோய்தான், கோழைத்தனம் அல்ல.

'அதெல்லாம் போர்முனைச் சிப்பாய்க்கு வருவது' என்று நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் இதே பெங்களூரில், ஹெக்டே நகர் பக்கம் கொரோனா கணக்கெடுக்கப் போன ஆஷா ஊழியர்களைக் கும்பல் சூழ்ந்து தாக்கியது. 2021 மே மாதம் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டின்போது 24 நோயாளிகள் இறந்தார்கள். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த டாக்டரே கத்தியால் குத்தப்பட்டார். அடிபட்டவருக்கு மட்டும்தான் இந்த நோய் வரும் என்றில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கும், வேலையின் பேரில் இப்படிப்பட்ட கோரங்களைத் திரும்பத் திரும்பச் சந்திப்பவருக்கும் வரலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உலகெங்கும் அதிகம் பயன்படும் கேள்விப் பட்டியல் பி.சி.எல்-5. மொத்தம் 20 கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு தொல்லையும் எந்த அளவுக்கு இருந்தது என்று 0 முதல் 4 வரை குறிக்க வேண்டும். கூட்டுத்தொகை 31 முதல் 33-ஐத் தொட்டால், மனநல மருத்துவரின் முழுப் பரிசோதனை தேவை என்று பொருள். எண் மட்டுமே நோயை உறுதி செய்துவிடாது. குறைந்த எண் வந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது: நோய் இருந்தும் எண்ணைக் குறைத்துக் காட்டும் பொறிகள் மூன்று.

முதல் பொறி: வேலையே சாக்கு

தூக்கம் வரவில்லையா என்றால், 'நைட் டியூட்டி, அதான்.' திடுக்கிடுகிறீர்களா என்றால், 'ஐ.சி.யூ.வில் மானிட்டர் கத்திக்கொண்டே இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான்.' ஏன் அந்த வார்டு பக்கமே போவதில்லை என்றால், 'டியூட்டி மாற்றிக்கொண்டேன்.' மனசு மரத்துப்போச்சா என்றால், 'பழகிப்போச்சு.' ஒவ்வொரு அறிகுறிக்கும் வேலை ஒரு நல்ல காரணத்தைக் கொடுத்துவிடுகிறது. அவர் பொய் சொல்லவில்லை, தானும் அதை நம்புகிறார். எனவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: 'லீவு நாளில் தூக்கம் வருகிறதா?' லீவிலும் அதே கனவு, அதே வியர்வை என்றால் நைட் டியூட்டி மேல் பழி போட முடியாது.

இரண்டாவது பொறி: மொழி

வீட்டில் தமிழ், நோயாளியிடம் கன்னடம், கேஸ் ஷீட்டில் ஆங்கிலம் என்று வாழ்கிறவர் கையில் ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து 'நம்பர் போடுங்க சிஸ்டர்' என்றால் என்ன கிடைக்கும்? வரிசையாகப் பூஜ்யம். அதையே 'வேண்டாம்னு நெனச்சாலும் அந்த முகம் கண்ணு முன்னாடி வருதா?' என்று தமிழில் கேட்டுப் பாருங்கள், பதில் மாறலாம்.

அவசரத்துக்கு யாரோ பெயர்த்த தாளும் உதவாது. இதே பட்டியலின் பழைய வடிவத்தில் 17 கேள்விகள். அமெரிக்காவில் அதன் ஸ்பானிய மொழிபெயர்ப்பைச் சோதித்து 2002-இல் வெளியான ஆய்வில், சில கேள்விகள் ஆங்கில மூலத்தைப் போல வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அவற்றைத் திருத்தி எழுதி மறுபடியும் சோதித்தார்கள். நமக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், நம் மக்கள் மனத்தின் வலியை உடம்பின் வலியாகச் சொல்வதைப் பதிவு செய்திருக்கிறார். தீராத உடம்பு வலிக்கும் தலைபாரத்துக்கும் அந்த 20 கேள்விகளில் தனிக் கேள்வி கிடையாது. எல்லா டெஸ்ட்டும் நார்மல், வலி மட்டும் போகவில்லை என்றால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பொறி: மேஜைக்கு அந்தப் பக்கம் யார்?

வார்டு இன்சார்ஜ் எதிரில் உட்கார்ந்து வாங்கும் படிவத்தில் உண்மை வராது. கான்ட்ராக்ட் ஊழியருக்கு வேலை போய்விடும் என்ற பயம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23-இல், சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. நிர்வாகங்களே, பெயர் கேட்காமல், வெளி ஆளை வைத்து இந்தச் சோதனையை நடத்துங்கள்.

செய்யக் கூடாதவை

தூக்க மாத்திரை கைக்கெட்டும் இடத்தில் வேலை செய்பவர்கள் இவர்கள். சம்பவம் நடந்த முதல் மாதத்தில் அதிர்ச்சியைத் தணிக்க அல்பிரசோலம் வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. தானாக எடுத்துப் போட்டுக்கொள்வது அதைவிட மோசம். குடியும் வேண்டாம். 'என்ன நடந்தது, முழுசா சொல்லு' என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

முதல் சில வாரம் கலக்கம் இருப்பது இயல்பு, பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் காத்திருக்காதீர்கள். சிலருக்கு ஆறு மாதம் கழித்துக்கூட நோய் முழுசாகத் தலைகாட்டும். அதிர்ச்சியை மையமாக வைத்த உளவியல் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நீலசந்திராவிலிருந்து ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஆட்டோ தூரம்தான்.

நேரில் போகத் தயக்கமா? அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். 'செத்துட்டா தேவலை' என்ற பேச்சு ஒரு முறை காதில் விழுந்தாலும் ஆளைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளை எடுத்து ஒளித்து வையுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இன்று டியூட்டி முடிந்து வருகிறவரிடம் முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள், தமிழில்.