கடலடிக் காந்த வரிகளும் குமரிக்கண்டமும்

காந்தவூசி வடக்கு நோக்கும் என்பதனைச் சிறுவரும் அறிவர். நம் கொருக்குப்பேட்டையில் வைப்பினும், கிழக்கே காசிமேட்டுத் துறைப் படகொன்றில் வைப்பினும் அஃது அவ்வாறே நிற்கும். ஆயினும் 8,00,000 ஆண்டுகட்கு முன் அதனை ஈண்டு வைத்திருப்பின் தெற்கு நோக்கியே நின்றிருக்கும். நிலவுலகின் காந்தம் பன்முறை தலைகீழாய்த் திரும்பியுளது. இறுதியாகத் திரும்பியது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகட்கு முன்னர்.

இத்திருப்பங்களைக் கடற்றரை பதிந்து வைத்துளது. இந்துமாக்கடலின் நடுவே நீருக்கடியில் நீண்ட மலைத்தொடர்கள் உள. அவற்றின் முகட்டுப் பிளவில் உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து இறுகும். இறுகுங்கால், அதனுள் அமைந்த இரும்பு கலந்த நுண்மணிகள் அற்றைக் காந்தத்தின் திசையை ஏற்றுக்கொள்ளும். பின்னெழும் குழம்பு முன்னையதைப் பிளந்து இருபாலும் விலக்கும். ஆகவே நேர்த்திசை வரியும் எதிர்த்திசை வரியும் மாறி மாறி, சேலையின் இருபுறக் கரைபோல, முகட்டின் இருமருங்கும் ஒத்து அமையும்.

1962-இல் ஓவன் என்னும் ஆங்கிலக் கப்பல், அரபிக்கடலின் தெற்கேயுள்ள கார்ல்ஸ்பர்க் தொடரின்மீது காந்தமானியை இழுத்துச் சென்று அளந்தது. அவ்வளவுகளைக் கொண்டு கேம்பிரிட்ஜ் மாணவர் வைனும் அவர்தம் ஆசிரியர் மாத்யூசும் 1963-இல் இவ்விளக்கத்தை வெளியிட்டனர். கனடாவின் மார்லி என்பாரும் தாமே இக்கருத்தைக் கண்டு எழுதி அனுப்பினார், இதழாசிரியர் ஏற்றிலர். அந்தோ, நம் ஆக்கங்கள் திரும்பி வருதற்கு இனி வருந்துவானேன்!

வரியின் அகலமும் வயதும் தெரியின் விரைவும் தெரியும். ஆறரைக் கோடி ஆண்டுகட்கு முன் இந்திய நிலத்தட்டு ஆண்டிற்கு ஏறக்குறைய 15 செண்டிமீட்டர் வடக்கே விரைந்தது. ஐந்து கோடி ஆண்டுகட்கு முன் ஆசியாவை முட்டித் தளர்ந்தது. சென்னைக்கு எதிரேயுள்ள வங்கக்கடலில் மட்டும் இவ்வரிகளைப் படித்தல் அரிது. 12 கோடி ஆண்டுகட்கு முன் தொடங்கி ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டு காந்தம் திரும்பவே இல்லை. அந்நாளிற் பிறந்த தரை வரியற்றது. அதன்மேற் கங்கையின் வண்டலும் பல கிலோமீட்டர் படிந்துளது.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி ஓர் இடர்ப்பாட்டினைத் தருகின்றது. குமரிக்குத் தெற்கே பெருங்கண்டம் ஒன்று கடல்கோளால் அமிழ்ந்தது என்பர் நம்மவர். 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் பெயரிட்ட லெமூரியாவையும் அதற்குத் துணையாகக் காட்டுவர். வரிகளோ, அங்குள்ள தரை அமிழ்ந்த நிலம் அன்று, குழம்பிற் பிறந்து கடலடியாகவே வளர்ந்தது என்கின்றன. அதன் வயதும் மக்கட்பிறப்பிற்குப் பல கோடி ஆண்டு முற்பட்டது.

அதனால் கடல்கோட் செய்தி முழுதும் பொய்யென யான் கூறத் துணியேன். 20,000 ஆண்டுகட்கு முன் கடல்மட்டம் இன்றினும் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; பனியுருகவே அது பையப் பைய உயர்ந்து கரையோர நிலங்களை விழுங்கிற்று. இலங்கைக்கும் நமக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடல் அந்நாளில் நடந்து செல்லத்தக்க தரையாயிருந்தது. நம் முன்னோர் இழந்த நிலத்தை ஆழ்கடலில் அன்று, இத்தகைய கரையோரங்களிலேயே தேடல் வேண்டும்.