மன்னர் பேசுகிறார், மொழிபெயர்ப்பவர் யார்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கணிப்பொறி விளையாட்டு என்றதும் அது காலத்தைக் கொல்லும் வேலை என்று பெரியோர் முகம் சுளிப்பர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அத்தகைய விளையாட்டு ஒன்றிலிருந்து பிறந்த ஒரு கேள்வி ஓராண்டாக என்னைத் தொடர்ந்து வருகிறது. அதைக் கேட்டவர், கணிப்பொறியைத் தொட்டும் அறியாத என் தந்தையார்.

நாங்கள் காஞ்சியில் பட்டு நெய்யும் குடும்பத்தினர். வீட்டின் முன்கூடத்தை இரண்டு தறிகள் அடைத்துக்கொண்டிருக்க, எஞ்சிய இடத்தில் நாங்கள் வாழ்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடந்த பொங்கல் விடுமுறைக்கு வந்த என் மாமா மகன், தன் மடிக்கணினியைத் தறிக்குப் பக்கத்தில் வைத்து 'ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ் 2' என்னும் போர்த்தந்திர விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். 1999இல் முதன்முதல் வெளிவந்த அவ்விளையாட்டில், 2022இல் இந்திய அரச மரபுகளைப் பற்றிய பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. அதில் திராவிடர் என்னும் பெயரில் ஒரு நாகரிகமும், இராசேந்திர சோழனின் படையெடுப்புக் கதையும் உண்டு. வீரனைத் தொட்டால் அவன் தமிழில் பதில் சொல்வான்.

தறிச் சத்தம் நின்றது. "யாருடா தமிழ்ல பேசுறது?" என்றார் அப்பா.

"சோழர் படைப்பா."

"ராசா என்ன சொல்றாரு?"

இங்கேதான் சிக்கல். சிப்பாய்கள் தமிழில் பேசினார்கள். மன்னனின் கதையோ ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைத் தமிழாக்கிச் சொல்லச் சொல்ல, அப்பா நாடாவைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "சோழ ராசா பேச்ச நீ ஏன்டா இங்கிலீசுலேந்து மாத்திச் சொல்ற?"

அக்கேள்விக்கு விடை தேடியதில் நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்த மொழி?

வரலாற்றுத் தலைவர்களைப் பேச வைக்கும் விளையாட்டுகளில் புகழ்பெற்றது 'சிவிலைசேஷன்' வரிசை. 2010இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பாகத்தில் தலைவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மொழியில் பேசுவர். அதன் பொருள் திரையில் எழுத்தாக வரும். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் இலத்தீன் பேசுவார். அஸ்டெக் மன்னன் மோன்டெசுமா நாவாட்ல் பேசுவான். காந்தியடிகள் இந்தி பேசுவார்.

காந்தியடிகளின் தாய்மொழி குசராத்தி என்பதை நாம் அறிவோம். தம் சுயசரிதையை அவர் அம்மொழியில்தான் எழுதினார். உலகுக்கு அவர் இந்தியாவின் முகம். ஆகவே இந்தி போதும் என்று முடிவு செய்தார்கள் போலும். ஒரு மனிதரின் மொழிக்கும் அவர் நிற்கும் நாட்டின் மொழிக்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கே நழுவிவிடுகிறது.

ஊணர் தலைவன் அட்டிலாவின் நிலை வேறு. அவன் மக்கள் பேசிய மொழி அழிந்துபோயிற்று. எஞ்சியவை சில சொற்களும் பெயர்களுமே. ஆகவே, உருசிய நாட்டில் வோல்கா ஆற்றங்கரையில் இன்றும் பேசப்படும் சுவாஷ் என்னும் மொழியை அவன் வாயில் வைத்தார்கள். பாட்டன் குரல் கிடைக்காதபோது தூரத்து உறவினரை அழைத்துப் பேசச் சொல்வது போன்றது இது.

நம் இராசேந்திரனுக்கு அக்குறை இல்லை. 1014 முதல் 1044 வரை ஆண்ட அவனுடைய மெய்க்கீர்த்தி தமிழில் கல்லில் நிற்கிறது. எனினும் அது அரசாணையின் தமிழ். அவன் தன் மகனை உணவருந்த அழைத்த தமிழ் அன்று. அவன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் வடமொழிப் பகுதியும் உண்டு, தமிழ்ப் பகுதியும் உண்டு. ஆகவே மன்னனின் மொழி எது என்பதற்கு அவன் காலத்திலேயே ஒற்றை விடை இல்லை எனலாம்.

'யூ' என்பது நீயா, நீங்களா?

மொழியை முடிவு செய்த பின்னரும் வேலை முடிவதில்லை. ஆங்கிலத்தில் பகைவனுக்கும் நண்பனுக்கும் 'யூ' ஒன்றுதான். தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிகள் இருக்கின்றன. "உன் படை என் எல்லையில் நிற்கிறது" என்றால் அது எச்சரிக்கை. "தங்கள் படை எம் எல்லையில் நிற்கிறது" என்றால் அது தூதன் கொண்டுவரும் ஓலை. ஒரே ஆங்கில வாசகம் போராகவும் ஆகலாம், சமாதானமாகவும் ஆகலாம். எதை எழுதுவது என்பதை, அம்மன்னர்கள் அப்போது எந்த உறவில் இருக்கிறார்கள் என்று அறிந்த பின்னரே முடிவு செய்ய இயலும்.

கணித மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த சிக்கல் மற்றொன்று. விளையாட்டில் ஒரு வாசகத்தை ஒரு முறைதான் எழுதி வைப்பர். ஊரின் பெயர் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருப்பர். இயற்கணிதத்தில் 'எக்ஸ்' போல. ஆங்கிலத்தில் அந்தக் காலியிடத்தில் எந்த ஊரைப் போட்டாலும் வாசகம் நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு குறுக்கே வரும். மதுரை என்பது 'மதுரையை' ஆகும்; காஞ்சிபுரம் என்பது 'காஞ்சிபுரத்தை' ஆகும்; தஞ்சாவூர் என்பது 'தஞ்சாவூரை' ஆகும். உருபை மட்டும் பொறி ஒட்டினால் 'காஞ்சிபுரம்ஐக் கைப்பற்றினார்' என்று வந்து நிற்கும். வென்றவர் ஆணா பெண்ணா என்று தெரியாவிடில் 'வென்றான்', 'வென்றாள்' என்பதும் இடறும். 'காஞ்சிபுரம் என்னும் நகரைக் கைப்பற்றினார்' என்று வாசகத்தையே திருப்பிக் கட்டினால்தான் தப்பலாம். சொல்லை மாற்றுவதோடு மொழிபெயர்ப்பு முடிவதில்லை. வாசகத்தின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

மொழிக்கு உரியவர்கள்

சில வேளைகளில் மொழியைத் தர மாட்டோம் என்று அதற்கு உரியவர்கள் சொல்வதும் உண்டு. 'சிவிலைசேஷன்' ஐந்தாம் பாகத்துக்கு 2013இல் வெளிவந்த விரிவாக்கத்தில், அமெரிக்கப் பழங்குடியினரான புவெப்லோ மக்களையும், 1680இல் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்த அவர்கள் தலைவர் போப்பேயையும் சேர்க்க எண்ணினார்கள். அம்மக்களின் தலைவர்களை அணுகியபோது, தங்கள் மொழி புனிதமானது, வெளியார் விளையாட்டுக்குத் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார்கள். அத்திட்டம் கைவிடப்பட்டு, அவ்விடத்தில் ஷோஷோனி மக்கள் சேர்க்கப்பட்டனர்.

2025இல் வந்த ஏழாம் பாகத்தில் இதற்கு எதிரான ஒன்று நிகழ்ந்தது. ஷாவ்னி மக்களின் தலைவர் டெகும்சே தம் சொந்த மொழியில் பேசுகிறார். அந்த இனத்தாரோடு கலந்தே அப்பகுதி உருவாக்கப்பட்டது. பேசுவோர் அருகிவரும் அம்மொழியை மீட்கும் முயற்சிக்கும் உதவி கிடைத்தது. மறுத்தவர்களும் சரி, கொடுத்தவர்களும் சரி, மொழியை மலிவான சரக்காக எண்ணவில்லை. கேட்டுப் பெறுவது வேறு, எடுத்துக்கொள்வது வேறு.

நான் செய்த தவறு

மொழிபெயர்ப்பாளன் தவறினால் விளையாட்டில் ஒரு வாசகம் கெடும். வாழ்க்கையில் என்ன கெடும் என்பதை நான் அறிவேன்.

நான் பிளஸ் டூ முடித்த கோடையில் வடநாட்டு வியாபாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் நான். அப்பா ஒரு கோர்வைச் சேலையை விரித்தார். கோர்வை என்றால் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்கும். மூன்று நாடாக்கள் ஓடும்; அதற்காகத் தறியில் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும். ஒவ்வோர் இழையிலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். பட்டு கிழிந்தாலும் அந்த இணைப்பு பிரியாது என்று எங்கள் தெருவில் பெருமையாகச் சொல்வார்கள்.

"இந்தக் கரை எப்படி?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். கோர்வைக்கு எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. 'ஜாயின்' என்று சொல்லிவிட்டேன். கரையைத் தனியே நெய்து தைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார் போலும். சேலையை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அந்தச் சேலை பிறகு வேறிடத்தில் இரண்டாயிரம் ரூபாய் குறைவாகப் போயிற்று.

அப்பா என்னைத் திட்டவில்லை. சேலையின் உட்புறத்தைத் திருப்பி, கோர்வையை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "வார்த்தை வரலன்னா இதத் திருப்பிக் காட்டியிருக்கலாமேடா."

மொழிபெயர்ப்புக் கலையைப் பற்றி நான் கற்ற முதற்பாடம் அதுவே. சரியான சொல் இல்லாத இடத்தில் கிடைத்த சொல்லை வீசக்கூடாது. பொருளைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

காஞ்சியில் பேசும் அயல்மன்னன்

பிற மொழியில் பேசும் மன்னனைக் காண நமக்குக் கணிப்பொறியே வேண்டியதில்லை. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் போதும். பல்லவன் இராசசிம்மன் ஏறத்தாழ 700ஆம் ஆண்டில் எழுப்பிய கோயில் அது. அவனுடைய பட்டப்பெயர்கள் அங்கே வடமொழியில் இருக்கின்றன. பிற்காலச் சோழர் ஆவணங்கள் தமிழில் இருக்கின்றன. மண்டபத் தூண் ஒன்றில் மட்டும் பழங்கன்னடம் இருக்கிறது. அதை வெட்டுவித்தவன் வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன். எட்டாம் நூற்றாண்டில் பல்லவரை வென்று காஞ்சிக்குள் நுழைந்தவன் அவன். அக்கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கவராமல் இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான் என்கிறது கல்வெட்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஷ் என்னும் செருமானிய அறிஞர் அதைப் படித்து வெளியிட்டார்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிறன்று அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். பிறந்தது முதல் அவ்வூரில் இருந்தும் அந்தத் தூணை அவர் நின்று பார்த்ததில்லை. "கன்னட ராசா ஒருத்தரு காஞ்சிக்கு வந்து, இந்தக் கோயில் சொத்தெல்லாம் பார்த்து, சாமிக்கே கொடுத்துட்டுப் போனதா எழுதியிருக்குப்பா" என்றேன்.

அப்பா வெகுநேரம் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு பாஷையிலயே எழுதிட்டாரு. சரிதான். நீ சொன்னியே, அதுல எதையும் விட்டுடலயே?" என்றார்.

நான் விட்டிருந்தேன். 'காஞ்சியை வென்று' என்பதை 'காஞ்சிக்கு வந்து' என்று மாற்றியிருந்தேன். நம் ஊர் தோற்ற செய்தியை நம் ஊரில் நின்றுகொண்டு அப்பாவிடம் சொல்ல நா எழவில்லை. தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன். அப்பா சிரித்தார். "செயிச்சவன் கைய வைக்காமப் போனான்னாதானடா அது பெருமை? சும்மா வந்துட்டுப் போனவனுக்கு என்ன பெருமை?"

ஒரே ஒரு வினையை மென்மையாக்கியதில் அந்தக் கல்வெட்டின் உயிரையே நான் எடுத்துவிட்டிருந்தேன்! அவர் பொங்கலன்று கேட்ட கேள்விக்கும் அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. சோழன் பேச்சு ஆங்கிலத்திலிருந்து வருவதற்குக் காரணம், அதைத் தமிழிலிருந்து நேரே எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை என்பதே.

நண்பர்களே! நம் கல்லூரியில் என்னைப் போன்று முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் பலர். வங்கிப் படிவம், மருத்துவர் சீட்டு, சங்கத்து அறிவிப்பு என்று நாம் அன்றாடம் நம் பெற்றோருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். நாளை நம்மில் சிலர் மன்னர்களுக்கும் மொழிபெயர்க்கலாம். இரண்டுக்கும் கேள்வி ஒன்றுதான்: எதையும் விட்டுடலயே?