தசைக்குள்ள இருக்கிற நங்கூரம்... டார்ச் அடிச்சுக் காட்டும் ஆன்டிபாடி!

ஆன்டிபாடி என்றதும் உங்களுக்கு கொரோனா டெஸ்ட்தான் ஞாபகம் வரும், இல்லையா? அதே ஆன்டிபாடியை லேபில் டார்ச்லைட் மாதிரியும் பயன்படுத்துகிறார்கள். செல்லுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான புரத வகைகளில், தேடுகிற ஒன்றை மட்டும் ஒளிரவைக்கும் டார்ச் இது.

யார் இந்த டிஸ்ட்ரோஃபின்?

செல்லுக்கு வடிவம் தருவது ஆக்டின் என்ற புரத இழை. தடிமன் ஜஸ்ட் 7 நானோமீட்டர். இதைக் கட்டவும் வெட்டவும் இழுத்துப் பிடிக்கவும் பல புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் டிஸ்ட்ரோஃபின். 1987-ல் அடையாளம் காணப்பட்டது. இதன் ஒரு முனை தசை செல்லின் ஆக்டினைப் பிடிக்கும். மறுமுனை செல்லின் சவ்வோடு இணையும். கிட்டத்தட்ட நங்கூரம்!

இது இல்லாவிட்டால், தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சவ்வு சேதமாகும். அதுதான் டுஷேன் தசைச் சிதைவு நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

துளி தசையை எடுத்து, உறையவைத்து, மெல்லிசாகச் சீவுவார்கள். முதல் ஆன்டிபாடி டிஸ்ட்ரோஃபினைப் பிடிக்கும். இரண்டாவது ஆன்டிபாடி, ஒளிரும் சாயத்தோடு வந்து முதலாவதைப் பிடிக்கும். ஆரோக்கியமான தசை என்றால், ஒவ்வொரு இழையைச் சுற்றியும் கோடு போட்டது போல ஒளிரும். டுஷேன் என்றால், அநேகமாக இருட்டுதான்.

ஒண்ணு போதாதா?

போதாது. பெக்கர் என்ற மிதமான வகையில், புரதத்தின் ஒரு பகுதி மட்டும் காணாமல் போயிருக்கலாம். அதனால் தலை, நடு, வால் என மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி ஆன்டிபாடி போடுவார்கள். கூடவே ஸ்பெக்ட்ரின் என்ற இன்னொரு சவ்வுப் புரதத்தையும் பார்ப்பார்கள். அதுவும் ஒளிராவிட்டால், சாம்பிளே கெட்டுப்போயிருக்கலாம். அதை நோய் என்று முடிவுகட்ட முடியாது.

ஆன்டிபாடி பொய் சொல்லுமா?

சொல்லும்! டிஸ்ட்ரோஃபினுக்கு யூட்ரோஃபின் என்று ஒரு சொந்தக்கார புரதம் உண்டு. டுஷேன் நோயில் இது தசைச் சவ்வில் அதிகமாகும். ஆள் மாறிப் பிடிக்கும் ஆன்டிபாடி, இல்லாத டிஸ்ட்ரோஃபினை 'இருக்கு' என்று காட்டிவிடும். எனவே, குறிப்பிட்ட மரபணுவை நீக்கிய செல்களில் ஆன்டிபாடியைச் சோதிப்பது நல்ல வழி. அங்கேயும் ஒளிர்ந்தால், அந்த டார்ச்சை நம்ப முடியாது.

நீங்க கவனிக்க வேண்டியது

இப்போது பெரும்பாலும் மரபணுப் பரிசோதனைதான் முதலில். அதில் தெளிவு கிடைக்காதபோது தசைப் பரிசோதனை. அதற்கும் முன்பாக, சி.கே எனும் எளிய ரத்தப் பரிசோதனையே சந்தேகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் வீட்டுக் குட்டிப் பையன் தரையிலிருந்து எழும்போது, தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறுவது போல எழுகிறானா? படியேறத் திணறுகிறானா? 'வளர்ந்தா சரியாகிடும்' என்று விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்!