கிரகஸ்தனின் கைத்துப்பாக்கி

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் 1976-ஆம் ஆண்டுக்குப் பின் சாமானியப் பிரஜை ஒருவர் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வதற்கு அநேகமாக வழியே இல்லாதிருந்தது. பதிவு செய்த நீண்ட துப்பாக்கிகளைக்கூடப் பாகம் பாகமாகக் கழற்றியோ, விசைக்குப் பூட்டுப் போட்டோதான் வைத்திருக்கவேண்டும் என்று அந்நகரச் சட்டம் விதித்திருந்தது. டிக் ஹெல்லர் என்ற காவலர் இதை எதிர்த்து நடத்திய வழக்கில், 2008-ஆம் ஆண்டு அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து நின்று, தன் வீட்டையும் தன்னையும் காத்துக்கொள்வதற்காக ஒருவர் கைத்துப்பாக்கி வைத்திருப்பது, 1791-இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் அளிக்கும் உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டனின் ஸ்காலியா, எத்தனையோ ஆயுதங்கள் இருக்க இதையே ஜனங்கள் விரும்புவானேன் என்பதற்குச் சில காரணங்களையும் வரிசையாகச் சொல்கிறார்: ஆபத்து வேளையில் சட்டென்று எட்டும் இடத்தில் வைக்கலாம், எதிராளி எளிதில் பிடுங்கிக்கொள்ள முடியாது, நீண்ட துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்க்கும் புஜபலம் இல்லாதவரும் கையாளலாம், ஒரு கையால் திருடனை நோக்கிப் பிடித்தபடி மறுகையால் போலீசுக்கு டெலிபோன் செய்யலாம். ஒரு நீதிபதியின் எழுத்து இவ்வளவு தூரம் அனுபவஸ்தரான கடைக்காரரின் பேச்சைப்போல் அமைவது அபூர்வந்தான்.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்கீழ் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தொடவும் முடியாத நமக்கு, ஒரு குடும்பஸ்தர் சனிக்கிழமை மாலை கடைவீதிக்குப் போய்க் கைத்துப்பாக்கி பார்த்து வருவது என்பது சினிமாக் காட்சியாகத் தோன்றலாம். அங்கேயோ அது குளிர்சாதனப் பெட்டி வாங்குவதற்கு அடுத்தபடியான ஒரு குடும்ப விவகாரம். 2023-இல் பியூ ஆராய்ச்சி ஸ்தாபனம் விசாரித்தபோது, வயதுவந்த அமெரிக்கரில் நூற்றுக்கு 32 பேர் தம்மிடம் துப்பாக்கி உண்டு என்றார்கள். அவர்களில் நூற்றுக்கு 72 பேர், வைத்திருப்பதற்குப் பிரதான காரணங்களில் ஒன்று தற்காப்பு என்றார்கள்.

வாங்கும் முறையை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால், 1998-இல் ஆரம்பமான தேசிய விசாரணை ஏற்பாட்டின் மூலம், வாங்குபவர்மீது குற்றத் தண்டனை முதலிய தடைகள் ஏதேனும் உண்டா என்று பார்க்கிறார்கள். கலிபோர்னியாவில் அதற்கு மேலும் 10 நாள் காத்திருக்க வேண்டும். டெக்சாஸில் அந்தக் காத்திருப்பு கிடையாது. நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் அங்கே வேலை பார்ப்பவர், வேட்டை உரிமம் பெற்றவர் முதலான சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது, கிரீன் கார்டு பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. பக்கத்து வீட்டு அமெரிக்கர் செய்கிறாரே என்று நம் பிள்ளை கிளம்பிவிடக் கூடாது.

கண்ணாடி மேஜைக்குள் வரிசையாகக் கிடக்கும் ஆயுதங்கள் பார்வைக்கு எத்தனை விதமாயிருந்தாலும், வீட்டுக் காவலுக்கு வருபவை இரண்டே ஜாதி. ஒன்று ரிவால்வர்; மற்றொன்று பிஸ்டல். 1836-இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து ரிவால்வரின் தத்துவம் பெரிதாக மாறிவிடவில்லை. ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளையில் தோட்டாக்களை இட்டு மூடிவிட்டால், விசையை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் உருளை ஓர் அறை சுழன்று நிற்க, சுத்தி பின்னால் போய்த் திரும்பி விழுகிறது. ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால், மீண்டும் விசையை இழுத்தால் போதும். அடுத்தது வந்து நிற்கும். மாதக்கணக்கில் இழுப்பறையில் கிடந்தாலும் எடுத்தவுடன் வேலை செய்யும் என்பதும், குண்டு இருக்கிறதா இல்லையா என்பதை உருளையைத் திறந்து கண்ணால் பார்த்துவிடலாம் என்பதும் இதன் குணங்கள். விசையை முழுதும் இழுக்க ஐந்து கிலோ எடையைத் தூக்குகிற அளவு விரலில் பலம் வேண்டும் என்பதும், அந்த முயற்சியில் குறி தவறும் என்பதும், ஐந்தாறு குண்டுகளோடு தீர்ந்துபோகும் என்பதும் தோஷங்கள்.

பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசீனில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு வெடியின் வேகமும் மேலிருக்கும் ஸ்லைடு என்ற பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி, வெறும் தோட்டாக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே ஏற்றிவிடும். திரைச்சீலைக் கம்பிகளும் கத்திகளும் செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக் என்ற ஆஸ்திரிய எஞ்சினீயர், துப்பாக்கித் தொழிலில் முன்னனுபவம் இல்லாமலே, பிளாஸ்டிக் உடல் கொண்ட பிஸ்டலொன்றை உருவாக்கி 1982-இல் தம் நாட்டு ராணுவத்துக்கு அளித்தார். இன்று அமெரிக்கக் கடைகளில் அந்தக் குடும்பத்துப் பிஸ்டல்களும் அவற்றைப் பார்த்துச் செய்தவையும் நிறைந்து கிடக்கின்றன. 15 அல்லது 17 தோட்டாக்கள், மெல்லிய விசை, குறைந்த உதைப்பு என்பவை இதன் லாபங்கள். ஆனால் இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணி உண்டு. மேகசீனை உருவிக் கீழே வைத்துவிட்டால் ஆயுதம் காலியாகிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. குழலின் பின்னறையில் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருப்பதோ ஸ்லைடை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று செய்தி வருகிற விபத்துக்களில் பலவற்றுக்கு மூலம் இந்த ஒற்றைத் தோட்டாதான். அந்த ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கத் திடமான கையும் வேண்டும். மூட்டு வாதத்தால் விரல் மடங்காத முதியவர்களுக்குப் பல பிஸ்டல்கள் இந்த இடத்திலேயே கழிந்துபோகின்றன.

ஆகவே நல்ல வியாபாரி கம்பெனிப் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கையைத்தான் பார்க்கிறார், வளையற்காரர் கையைப் பிடித்துப் பார்த்து அளவு சொல்லுவதுபோல. கைப்பிடியை இறுகப் பற்றும்போது குழல் முழங்கையோடு ஒரே நேர்கோட்டில் அமையவேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதைப்பகுதி, கையை வளைக்காமலே விசைமீது படியவேண்டும். இந்த இரண்டும் பொருந்தாத ஆயுதம் எவ்வளவு கீர்த்தி பெற்றதாயிருந்தாலும் அந்தக் கைக்கு உரியதன்று. இங்கே ஒரு விபரீதமும் நடக்கிறது. ஸ்திரீகள் வாங்க வந்தால், சிறியதாகவும் லேசானதாகவும் இருக்கிற ரிவால்வர் ஒன்றை எடுத்து நீட்டுவது பல கடைக்காரர்களின் பழைய வழக்கம். அரைக் கிலோகூட நிறையாத அந்தக் குட்டி ஆயுதமோ, உதைப்பைத் தாங்கிக்கொள்ள உடலில் கனம் இல்லாததால், முழுதையும் கையில்தான் இறக்குகிறது. அதே தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள பெரிய ரிவால்வரில் சுட்டால் பாதிக் கஷ்டம். சட்டைப் பைக்குள் மறைத்துக் கொண்டுபோகிறவருக்குச் சிறியது வேண்டியிருக்கலாம். படுக்கையறையில் வைத்திருப்பவருக்குக் கனம் ஒரு குறையே அல்ல. இதைச் சொல்லிக் கொடுக்காமல் விற்பவரை வியாபாரி என்று சொல்லலாமே தவிர, ஆலோசகர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோட்டாவின் பருமனைப்பற்றி அமெரிக்க ஆண்கள் நடத்தும் வாதம், நம் ஊரில் காப்பியில் சிக்கரி கலக்கலாமா என்பதைப்போல முடிவில்லாதது. 1911-ஆம் வருஷத்து ராணுவப் பிஸ்டலின் .45 தோட்டாவே ஆண்மைக்கு லட்சணம் என்பார் ஒருவர். 1902-இல் ஆஸ்திரியரான லூகர் அமைத்த 9 மி.மீ. போதும் என்பார் மற்றொருவர். 1986-இல் மியாமி நகரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவரைக் கொள்ளையர் சுட்டுக் கொன்ற சண்டையில், ஒரு கொள்ளையனின் மார்பில் பாய்ந்த 9 மி.மீ. குண்டு இருதயத்தை எட்டாமல் நின்றுபோனதே காரணம் என்று அந்த இலாகா கருதி, பெரிய தோட்டாக்களைத் தேடியது. 10 சதவீத ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமலும் 18 அங்குலத்துக்கு மேற்படாமலும் செல்லவேண்டும் என்று பரிசோதனை விதியும் வகுத்தது. குண்டு செய்வோர் அந்த விதிக்குத் தக்கபடி தொழிலைத் திருத்திக்கொண்டபின், சுமார் முப்பது வருஷம் கழித்து, அதே இலாகா 9 மி.மீ.க்கே திரும்பி வந்துவிட்டது. உதைப்புக் குறைந்தால் குறி அதிகம் படுகிறது என்பதுதான் அவர்கள் கண்ட உண்மை.

இப்போது வீட்டுக்காக விற்பவை பெரும்பாலும் மூக்கில் குழிவுள்ள, உடலில் பட்டதும் மலர்ந்து விரிகிற குண்டுகள். 1890-களில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் பிரிட்டிஷார் செய்த விரியும் குண்டுகளின் சந்ததி இவை. அவற்றை யுத்தத்தில் பிரயோகிக்கலாகாது என்று 1899-இல் ஹேக் நகர் மகாநாட்டுப் பிரகடனம் விலக்கியது. யுத்தத்தில் குரூரமென்று தள்ளியதை வீட்டில் விவேகமென்று கொள்வது விசித்திரமாகத் தோன்றினாலும், காரணம் இல்லாமல் இல்லை: விரிந்த குண்டு உடலைத் துளைத்து அப்பால் செல்வது குறைவு. அப்பால் என்ன இருக்கிறது என்பதுதான் வீட்டில் சுடுவதன் கேள்வி. அமெரிக்க வீடுகளின் உட்சுவர் செங்கல் அன்று. மரச் சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்த வெற்றறை. குறி தவறிய கைத்துப்பாக்கிக் குண்டு அத்தகைய சுவர்கள் பலவற்றை ஊடுருவும். ஜிப்சம் தூள் மூக்குக் குழிவை அடைத்துக்கொண்டால் விரியும் குண்டும் விரியாமலே பறக்கும். எனவே அனுபவமுள்ள பயிற்சியாளர்கள், குழந்தைகளின் கட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, எந்தத் திசையில் எக்காரணம் கொண்டும் சுடக்கூடாது என்பதைப் பகல் வேளையில் வீட்டைச் சுற்றி நடந்து முடிவு செய்துகொள்ளச் சொல்கிறார்கள். கூடவே ஒரு நல்ல டார்ச் விளக்கும் வாங்கச் சொல்கிறார்கள். எதிரே நிற்பவர் யார் என்று தெரியாமல் சுட்டவர்கள் கதை அந்நாட்டில் ஏராளம்.

1992-ஆம் ஆண்டு அக்டோபரில் லூயிசியானா மாகாணத்தின் பேட்டன் ரூஜ் நகரில், படிக்க வந்திருந்த பதினாறு வயது ஜப்பானியச் சிறுவன் ஒருவன், மாறுவேட விருந்துக்குப் போகவேண்டியவன் வீடு தவறி வேறொரு வாசலில் மணியடித்தான். வீட்டுக்காரர் .44 மேக்னம் ரிவால்வரோடு வெளிப்பட்டு, அசையாமல் நிற்கும்படி கத்தினார். அது புரியாமலோ என்னவோ சிறுவன் முன்னே வந்தான். ஒரே குண்டில் மாண்டான். அடுத்த ஆண்டு ஜூரிகள் வீட்டுக்காரரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். பின்னர் சிவில் கோர்ட்டு அவரை நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. எந்த ரகத்தை வாங்கியிருந்தாலும், எவ்வளவு உயர்ந்த தோட்டாவைப் போட்டிருந்தாலும், அந்த வாசலில் அது உதவியிராது.

வாங்கி வந்த ஆயுதம் எங்கே உறங்குவது? ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் 1880-களிலேயே, கைப்பிடியை முழுக்கையால் அழுத்திப் பிடித்தாலொழியச் சுடாத ரிவால்வர் ஒன்றைச் செய்து விற்றார்கள். சிறு கைகளின் அபாயம் அன்றே தெரிந்ததுதான். 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி வியாபாரி ஒவ்வொரு கைத்துப்பாக்கியோடும் ஏதேனும் ஒரு பூட்டுச் சாதனமும் தந்தாக வேண்டும். அந்தக் கம்பிப் பூட்டு அநேக வீடுகளில் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வருவதே இல்லை. பூட்டினால் அவசரத்துக்கு உதவாது என்பது கிரகஸ்தரின் வாதம். அதற்குப் பதிலாக வந்திருப்பதுதான், நான்கைந்து பொத்தான்களை இருட்டிலேயே தடவி அழுத்தினால் இரண்டு மூன்று விநாடியில் திறந்துகொள்ளும் சிறிய இரும்புப் பெட்டி. ஆயுதத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கி, மீதிக்குத் தக்கபடி ஆயுதத்தைத் தேர்ந்தெடுப்பதே சரியான கிரமம் என்பது என் அபிப்பிராயம். பெட்டி ஒரு சிறுவனைத் தடுக்கும். பொத்தான் வரிசையை அறிந்த பெரியவரைத் தடுக்காது. உண்மையான பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1986-இல் ஆர்தர் கெல்லர்மன் என்ற டாக்டரும் அவர் சகாவும், சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுன்டியில் ஆறு வருஷத்து மரணங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள்: வீட்டுத் துப்பாக்கியால் தற்காப்புக்காக நேர்ந்த ஒரு மரணத்துக்கு எதிராக, தற்கொலைகள் மட்டும் 37. இறந்தவரை மட்டும் எண்ணினால் நியாயமாகுமா, துப்பாக்கியைக் கண்ட மாத்திரத்தில் ஓடிப்போன திருடனை யார் எண்ணுவது என்று எதிர்த்தரப்பார் கேட்டது சரியான கேள்வியே. ஆயினும் கலிபோர்னியாவில் 2 கோடியே 63 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சி, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராத ஆண்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு என்றும், ஸ்திரீகளிடையே முப்பத்தைந்து மடங்கு என்றும் கண்டது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கும் ஆயுதம் பெரும்பாலான வீடுகளில் திருடனைக் காண்பதே இல்லை. அந்த வீட்டாரின் நல்ல காலத்தையும் கெட்ட காலத்தையும் கூடவே இருந்து காண்கிறது.

இதைக் கடைக்காரர்களே உணர்ந்த சந்தர்ப்பமும் உண்டு. 2009-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். அதன்பின் அங்கத்திய துப்பாக்கி வியாபாரிகளும் பொதுச் சுகாதாரத் துறையினரும், வழக்கமாக எதிரெதிரே நிற்பவர்கள், ஒன்றுகூடி, விற்பனை மேஜைக்குப் பின்னால் நிற்பவர் எதைக் கவனிக்கவேண்டும் என்று குறிப்புகள் தயாரித்தார்கள்: துப்பாக்கியைப்பற்றி எதுவும் தெரியாதவர், எதுவானாலும் சரி என்பவர், எண்ணெய் போடுவதையோ தோட்டா ரகத்தையோ விசாரிக்காதவர், மனம் உடைந்த பேச்சுப் பேசுகிறவர். சந்தேகம் தோன்றினால் விற்க மறுப்பதற்கு வியாபாரிக்கு உரிமை உண்டு என்பதையும் அதில் சேர்த்தார்கள். வீட்டில் ஒருவருக்கு மனக்கலக்கம் நேர்ந்திருக்கும் நாட்களில் ஆயுதத்தை நண்பரிடமோ வேறிடத்திலோ ஒப்படைத்து வைக்கும்படி குடும்பத்தாருக்குச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களும் அச்சாயின. பிற மாகாணங்கள் பலவற்றிலும் இதே ஏற்பாட்டைப் பின்பற்றத் தொடங்கியிருக்கிறார்கள்.